கரையில் மடித்த நீலக் கோட்டு

அம்சவள்ளி துணிப்பையைத் தரையில் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

“ஸ்டேஷன்ல கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுத்தாங்கம்மா. ஒரு ஜோடி செருப்பு, இந்தக் கோட்டு. இவ்வளவுதான் எம் பொண்ணு.”

ஜெயசுதா கை நீட்டினாள். போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் திருச்சியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். முக்கால்வாசி வேலை, மாப்பிள்ளை குடிக்கிறானா என்று விசாரிப்பது. அந்த வேலையில் யாரும் இப்படி மடியில் பையோடு எதிரில் உட்கார்வதில்லை.

அது ரெட்டிபாளையத்தில் அம்சவள்ளியின் வீடு. சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரி ஒன்று வாசலை அதிர வைத்துவிட்டுப் போனது. வாசற்படியில் நின்றிருந்த ஜெயசுதாவின் உதவியாளன் தர்மன் தலைமுடியைத் தட்டிக்கொண்டான். வெள்ளைத் தூள் பறந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ஒரு ஜோக் அடிப்பான். அம்சவள்ளியின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டான்.

அம்சவள்ளியின் மகள் அபிநயா, பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தவள். அவள் வகுப்பு மாணவர்கள் சேர்ந்து ‘முதல் கதிர்’ என்று ஒரு கம்பெனி நடத்தினார்கள். மக்காச்சோளத்தில் சத்துமாவு அரைத்து விற்கிற கம்பெனி. அதற்குப் போன மாதம் அபிநயாவைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த சில நாளில் விக்கிரமங்கலத்தில் ஒரு பாலர் பள்ளிப் பிள்ளைகள் அந்த மாவுக் கஞ்சியைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்து மயங்கி விழுந்தார்கள். மற்றவர்கள் தேறிவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை. பாக்கெட்டில் தலைவி என்று அபிநயாவின் பெயர். அன்று சாயங்காலம் காணாமல் போனவள், மறுநாள் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழித் தண்ணீரில் மிதந்தாள். கரையில் செருப்பும், மடித்து வைத்த கம்பெனிக் கோட்டும். அவமானம் தாங்காமல் குதித்துவிட்டாள் என்று போலீஸ் முடித்துவிட்டது.

“எங்க ஊருக்கே வந்து, எங்க குழியிலயே விழுவாளா? இவ்வளவு தூரம் வந்தவ வூட்டுக்கு வராம இருப்பாளா?” என்று கேட்டாள் அம்சவள்ளி.

ஜெயசுதா கோட்டைப் பிரித்தாள். முழங்கால் வரைக்கும் வரும் நீலப் பருத்திக் கோட்டு. மடிப்புகளில் சோளமாவு.

“அபிநயா எவ்வளவு உயரம் இருப்பா?”

“என் தோளு உசரம்தான். கட்டையா இருப்பா.”

அம்சவள்ளியே கட்டையானவள். ஜெயசுதா கோட்டின் கையை விரித்து அளந்தாள். நீளக் கை. அதை மடித்துத் தைத்திருக்கவில்லை.

“தேர்தல் பத்தி வூட்ல ஏதாவது சொன்னாளா?”

“அன்னைக்கு ராத்திரியே ஃபோன் பண்ணினா. சிரிச்சிக்கிட்டே பேசினா. அவளும் வேணின்னு ஒரு பொண்ணும்தான் நின்னாங்களாம். இவளுக்குச் சோளம், அந்தப் பொண்ணுக்குக் கடலை. பிடிச்சவங்களுக்குப் பானையில போடணும். ‘நான் வேணிக்குத்தாம்மா கடலை போட்டேன், நமக்கு நாமே போட்டுக்க வெக்கமா இருந்துச்சு’ன்னா.” அம்சவள்ளி நிறுத்தினாள். “நீயே உனக்குப் போடலன்னா வேற எவன்டி போடுவான்னு நான் திட்டினேன்.”

*

பெரம்பலூர் போகும் வழியில் கார் அரியலூரைத் தாண்டியது. கருப்பு மண் வயல்களில் சோளத்தட்டை காய்ந்து நின்றது.

“மேடம், நம்ம கம்பெனியில பதவி எப்படிப் பிரிச்சிருக்கோம்?” என்றான் தர்மன், ஸ்டியரிங்கைத் திருப்பியபடி.

“நான் யோசிப்பேன். நீ பேசுவ.”

“தேர்தல் வெச்சா நான் ஜெயிச்சிடுவேன்னு பயப்படறீங்க.”

“ரெண்டு பேர் கம்பெனியில தேர்தல் வெச்சா சமமா நிக்கும் தர்மா.”

“என் ஓட்டு உங்களுக்குத்தான் மேடம். தலைவி ஆனா வாடகை கேக்க வர்ற ஓனர்கிட்ட நீங்கதான பேசணும்.”

ஜெயசுதா சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டான்.

*

‘முதல் கதிர்’ ஷெட் கல்லூரிக்குப் பின்னால், துறையூர் சாலை ஓரமாக இருந்தது. தகரக் கூரை, அரவை இயந்திரம், நீள மேசை. உணவுத் துறை அதிகாரிகள் மாவு மாதிரிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சாக்கு அடுக்கும் மூலை காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு பெண் மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, தூங்காத கண்.

“வேணியா?”

“ஆமாங்க மேடம்.” துடைப்பத்தைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

சுவரில் வரிசையாக நாலு ஆணி. ஒவ்வொன்றின் மேலும் பெயின்டில் எழுதியிருந்தது: தலைமை, கொள்முதல், பேக்கிங், விற்பனை. தலைமை ஆணியில் மஞ்சள் கோட்டு. கொள்முதலில் பச்சை. விற்பனையில் வெள்ளை. பேக்கிங் ஆணி காலி.

ஜெயசுதா மஞ்சள் கோட்டின் அருகில் போனாள். இரண்டு கைகளும் உள்பக்கமாக மடித்து, ஊசிநூலால் தைத்து வைத்திருந்தது. கட்டையான ஆளுக்காக.

“இது யாரோடதும்மா?”

“அபிநயாவோடது. தலைவி ஆனதும் போட்டுக்கிட்டா. பதவி மாறினா கோட்டும் மாறும் மேடம். முதல்ல இளவரசன் தலைவர், அவன்தான் மஞ்சள். அபிநயா பேக்கிங், நீலம். தேர்தலுக்கு அப்புறம் அவ மஞ்சளுக்குப் போனா. இளவரசன் கொள்முதலுக்குப் பச்சைய எடுத்துக்கிட்டான். பேக்கிங் எனக்கு வந்துச்சு.”

“அப்ப நீலக் கோட்டு?”

வேணி காலி ஆணியைப் பார்த்தாள். ஜெயசுதா துணிப்பையைத் திறந்து கோட்டை மேசையில் போட்டாள்.

“இது அபிநயாவோட பொணம் கெடந்த கரையில இருந்துச்சு. இது உன்னோடது.”

“நான் அங்க போகல மேடம். சத்தியமா போகல. அவ மடிச்சுத் தெச்சிருந்த கையைப் பிரிச்சு நான் போட்டுக்கிட்டிருந்த கோட்டுதான் இது. மறுநாள் வந்து பாத்தா கோட்டு காணோம். கரையில நீலக் கோட்டுன்னு சொன்னாங்க. என் கோட்டுன்னு சொன்னா என்னைப் பிடிச்சிப்பாங்கன்னு…”

“அதனால சொல்லாம இருந்துட்ட.”

வேணி தலை குனிந்தாள்.

தர்மன் ஷெட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். அலமாரியில் வாடிப்போன மாலை சுற்றிய ஒரு மண்பானை. உள்ளே எட்டிப் பார்த்தான். “தேர்தல் பானையா? இன்னும் கொட்டலியா? நம்மூர்ல ஓட்டுப் பெட்டியைக்கூட இவ்வளவு பத்திரமா வெக்க மாட்டாங்க.” உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளினான். உலர்ந்த மக்காச்சோளம். பழக்கதோஷத்தில் இரண்டு மணியை வாயில் போட்டான்.

“துப்புங்கண்ணா,” என்றாள் வேணி. அலறல் இல்லை. தாழ்ந்த குரல். “துப்பிடுங்க. தண்ணி விட்டு வாயைக் கொப்பளிங்க.”

தர்மன் துப்பினான். குழாயடிக்கு ஓடினான்.

ஜெயசுதா பானையை எடுத்து மேசையில் கவிழ்த்தாள். மஞ்சள் சோளமணிகள் உருண்டன. நடுவில் ஒரே ஒரு கடலை. ஒரு மணியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். மேலே மஞ்சள். கதிரில் ஒட்டியிருந்த கூர்நுனியில் மட்டும், நகத்தால் சுரண்டினாலும் போகாத ரோஸ் கலர்.

“விதைச் சோளம்,” என்றாள்.

வேணி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

“பூச்சி அரிக்காம இருக்க விஷ மருந்து கலந்து, தெரியாம யாரும் தின்னுடக் கூடாதுன்னு ரோஸ் சாயம் ஏத்தி விக்கிற விதை. விக்காம நாள் கடந்துபோனா அழிக்கணும். அதைக் கழுவிக் காய வெச்சா மஞ்சளாத் தெரியும். நுனியில மட்டும் சாயம் போகாது. ஓட்டுப் போட யாரோ இந்த மூலையில இருந்த சாக்குலேருந்தே அள்ளிக் குடுத்திருக்காங்க. அப்படின்னா சத்துமாவும் இதுலதான் அரைச்சது.”

வாய் கழுவிவிட்டு வந்த தர்மன் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “மேடம், எனக்கு ஒண்ணும் ஆகாதே?”

“துப்பிட்டல்ல. ஆனாலும் ஆஸ்பத்திரியில காட்டிடலாம். இப்ப உக்காரு.” ஜெயசுதா அந்தக் கடலையை எடுத்து வேணியின் முன்னால் வைத்தாள். “நீயும் தேர்தல்ல நின்ன. உனக்குக் கடலை. மொத்தப் பானையில ஒரே ஒரு கடலை. இது யாரு போட்டது?”

“நான்… நான்தான் எனக்குப் போட்டுக்கிட்டேன்.”

“இல்ல. இது அபிநயா போட்டது. அன்னைக்கே அவங்க அம்மாகிட்டச் சொல்லிட்டா. அப்படின்னா நீ சோளம் போட்டிருக்க. போட்டியில நிக்கிற ஆளே எதிர்ல நிக்கிறவளுக்கு ஓட்டுப் போடுதுன்னா ஒண்ணு நல்ல மனசு, இல்ல தோத்துடணும்னு தவிப்பு. உனக்கு எது?”

வேணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

“முதல்ல ஒரு ஆடு செத்துச்சு மேடம்,” என்றாள். “செட்டிகுளத்துல ஒரு கடைக்காரர் கிழிஞ்ச பாக்கெட்டை ஆட்டுக்குப் போட்டிருக்காரு. நுரை தள்ளிச் செத்துடுச்சுன்னு ஃபோன் பண்ணாரு. அந்த வாரம் அபிநயா ஊருக்குப் போயிருந்தா. மீதி வகுப்புக்கே தெரியும். ஏதோ சரியில்ல, பெரிசா வந்தா தலைவர்தான் மாட்டணும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. விதைச் சோளம்னு மட்டும் அவங்களுக்குத் தெரியாது. அது எனக்கும் இளவரசனுக்கும்தான் தெரியும். அவங்கப்பா விதைக்கடைச் சரக்கு அது.”

“அதுக்கப்புறம்தான் தேர்தலா?”

“திடீர்னு இளவரசன், பதவி சுத்தி வரணும், எல்லாருக்கும் வாய்ப்புக் கெடைக்கணும்னு பேசினான். எல்லாரும் கை தட்டினாங்க. ரெண்டு பேராச்சும் நின்னாத்தான தேர்தல் மாதிரி இருக்கும்னு என்னை நிக்கச் சொன்னான். ஒருத்தர் விடாம சோளம் போட்டாங்க. மாலை போட்டோம். பாட்டு வெச்சோம். அன்னைக்கே பழைய பாக்கெட் மேலயெல்லாம் அவ பேர்ல புது ஸ்டிக்கர் ஒட்டினோம்.” வேணி முகத்தைத் துடைத்தாள். “அவளும் கூட உக்காந்து ஒட்டினா மேடம்.”

தர்மன் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

“வகுப்புல அத்தனை பேர் இருக்கீங்க. ஏன் அபிநயா?”

வேணி தரையில் உருண்டு விழுந்திருந்த மணி ஒன்றைப் பொறுக்கினாள்.

“சொல்லும்மா.”

“இளவரசன் அப்பா சொல்லிக் குடுத்தது. காலனிப் பொண்ணைத் தலைவியாக்குனா பேப்பர்லகூடப் பாராட்டி எழுதுவான். நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஏன்னு கேக்க அவங்க பக்கம் ஆள் வராதுன்னாராம்.”

வெளியே சாலையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜெயசுதா கைபேசியை எடுத்து அரியலூர் எஸ்.ஐ. மணிவண்ணனை அழைத்தாள். அவள் பயிற்சி கொடுத்து வேலைக்கு வந்தவர் அவர்.

“மணிவண்ணன், அந்தக் குழித் தண்ணியில ஆள் இறக்கித் தேடுங்க. ஷெட்ல சோள மூட்டை ஒண்ணுகூட இல்ல, அங்கதான் கெடைக்கும். நீங்க பெரம்பலூர்ல இளவரசனோட அப்பா விதைக்கடைக்கு வாங்க, கூட இந்த ஊர் ஸ்டேஷன் ஆளையும் கூட்டிக்குங்க.”

*

தர்மனை ஆஸ்பத்திரியில் காட்டி, ஒன்றுமில்லை என்று அனுப்பிய பிறகுதான் விதைக்கடைக்கு வந்தார்கள். காருக்குள் அவன் குரல் தாழ்ந்திருந்தது.

“இளவரசன்தான் மேடம். விஷத்தைக் குடுத்தான், பதவியைக் குடுத்தான், கடைசியில தண்ணியில தள்ளிட்டான். இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“கோட்டு இருக்கு,” என்றாள் ஜெயசுதா.

கடை பெரிதாக இருந்தது. வெங்காய விதை, பருத்தி விதை, பூச்சி மருந்து டப்பாக்கள். கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் குழந்தைவேல். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கவுன்டரில் அவர் மகன் இளவரசன், ஒரு விவசாயிக்கு ஸ்ப்ரேயர் காட்டிக்கொண்டிருந்தான். தாடி மழிக்காத முகம். ஜெயசுதா யாரென்று சொன்னதும் விவசாயியை அப்படியே விட்டுவிட்டு நின்றான்.

“உக்காருங்கம்மா,” என்றார் குழந்தைவேல். “அந்தப் பொண்ணு விஷயமா? பாவம். எம் பையன் சோறே தின்ன மாட்டேங்கிறான். கூடப் படிச்ச புள்ள.”

அவர் தலைக்கு மேலே சாமி படங்களோடு ஒரு ஃபோட்டோ சட்டம் போட்டு மாட்டியிருந்தது. ‘முதல் கதிர்’ திறப்பு விழா. நடுவில் மஞ்சள் கோட்டில் இளவரசன். ஓரத்தில், கை நீளமான நீலக் கோட்டில் மூழ்கிப்போனமாதிரி, சிரிக்கும் அபிநயா.

ஜெயசுதா அதை நிதானமாகப் பார்த்தாள். பிறகு துணிப்பையிலிருந்து கோட்டை எடுத்து கவுன்டரில் விரித்தாள்.

“ஒரே ஒரு கேள்வி. இது யாரோட கோட்டு?”

“வேணியோடது,” என்றான் இளவரசன்.

“செத்துப்போன பொண்ணோடது,” என்றார் குழந்தைவேல்.

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன.

இளவரசன் மெதுவாகத் திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

“கரையில இருந்துச்சுன்னாங்களே, அதான் சொன்னேன்,” என்றார் குழந்தைவேல்.

“கரையில இருந்ததாலதான் அவளோடதுன்னு எல்லாரும் நெனச்சாங்க,” என்றாள் ஜெயசுதா. “நான் கேக்கிறது, அதைக் கரையில கொண்டுபோய் வெச்சவர் ஏன் அவளோடதுன்னு நெனச்சார்? தேர்தல் முடிஞ்ச அன்னைக்கே கோட்டு மாறிடுச்சு. உங்க பையனுக்குத் தெரியும், வேணிக்குத் தெரியும், அந்த வகுப்புல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அபிநயா கோட்டை எடுக்கணும்னா அவங்க மஞ்சளைத்தான் எடுத்திருப்பாங்க. நீலம் அவளோடதுன்னு நெனச்சவர், திறப்பு விழாவுக்கு வந்துட்டு, தேர்தலுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் ஷெட்டுக்குள்ள கால் வெச்ச ஆள். தெனமும் தலைக்கு மேல இந்த ஃபோட்டோவைப் பாக்கிற ஆள்.”

“கற்பனைக்கு ஒரு அளவு வேணும்மா.”

“செருப்பு மட்டும் இருந்தா வூட்டுப் பிரச்சினைன்னு பேசுவாங்க. கோட்டும் இருந்தா கம்பெனி அவமானம்னு கேஸை மூடிடுவாங்க. நல்ல யோசனைதான். ஆனா பதவி மாறினா கோட்டும் மாறும்னு உங்களுக்குத் தெரியல.”

“அப்பா,” என்றான் இளவரசன். “அன்னைக்கு வேனை எடுத்துக்கிட்டுப் போனீங்களே. டிரைவரை வேணாம்னுட்டு. சாக்கையெல்லாம் ஏத்திட்டு வந்துடறேன்னு.”

“வாயை மூடுறா.”

“திரும்பி வந்தப்ப டயர் பூரா வெள்ளை வெள்ளையா சேறு. நாந்தான் கழுவினேன். மழையில போயிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்.”

குழந்தைவேல் எழுந்தார். மகனை அறைவதற்குத் தூக்கிய கை பாதியில் நின்றது. வாசலில் மணிவண்ணன் வந்து நின்றுகொண்டிருந்தார், கூட இரண்டு காவலர்கள்.

“சாக்கு கெடைச்சிருச்சு மேடம்,” என்றார் மணிவண்ணன். “கல்லைக் கட்டி இறக்கியிருக்கான். ஒரு சாக்கு வாய் கிழிஞ்சிருக்கு. யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி.”

குழந்தைவேல் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார். விபூதியை அழித்துக்கொண்டு வியர்வை இறங்கியது. அவர் பேசினபோது, யாரோ வாடிக்கையாளரிடம் சரக்கைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது குரல்.

“பதவியைக் குடுத்தா வாயை மூடிக்கிட்டு இருக்கும்னு நெனச்சேன். புள்ளைங்க மயங்கி விழுந்த சேதி வந்ததும் போய் சாக்கைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நான் போனப்ப ஒரு பிடி சோளத்தை நீட்டி, இது என்னங்கய்யான்னு கேக்குது. என்னை. எங்கிட்டக் கேள்வி. சரி, அரியலூர் போயி அதிகாரிங்ககிட்ட ஒப்படைச்சிடலாம், வான்னேன். நம்பி ஏறிக்கிச்சு.” அவர் நிறுத்தினார். “குழிகிட்ட வண்டி நின்னதும் புரிஞ்சிக்கிச்சு. சாக்கை விட மாட்டேன்னுச்சு. நான் தலைவி, நாந்தான் பதில் சொல்லணும்னு.”

இளவரசன் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“நாந்தான் அவளைச் சாக விட்டேன்னு நெனச்சிருந்தேன்,” என்றான். “அதுவே தாங்க முடியல.”

“அது பொய்யில்ல,” என்றாள் ஜெயசுதா. “விஷம்னு தெரிஞ்சே விக்க விட்ட. மணிவண்ணன், இவனையும் கூட்டிட்டுப் போங்க. வேணி ஷெட்லதான் இருக்கா.”

*

மறுநாள் காலையில் ஜெயசுதாவும் தர்மனும் மறுபடி ரெட்டிபாளையம் போனார்கள். ஜெயசுதா எதையும் குறைக்காமல், எதையும் கூட்டாமல் சொன்னாள். அம்சவள்ளி அழவில்லை. சாக்கு கிழிந்திருந்ததைப் பற்றிச் சொன்னபோது மட்டும், இன்னொரு தடவை சொல்லுங்க என்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள் ஜெயசுதா.

“சேதி வந்தன்னைக்குத் தெருவுக்கே முட்டாய் குடுத்தேம்மா,” என்றாள் அம்சவள்ளி. “எம் பொண்ணைத் தலைவியாக்கிட்டாங்கன்னு. இவளைத் தவிர எல்லாரும் சோளந்தான் போட்டாங்கன்னு பெருமையாச் சொன்னேன்.”

தர்மன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அதுல ஒருத்தராச்சும்,” அம்சவள்ளி நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தாள், “ஒருத்தராச்சும் நெசமாவே இவ வரணும்னு போட்டாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். காரில் ஏறினதும் தர்மன்கூட அதைத்தான் சொல்லப்போகிறான் என்று ஜெயசுதாவுக்குத் தெரியும்.

“தெரியலம்மா.”

“கேட்டுச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரையா கேளுங்க. நானும் வரேன்.”

கல்லூரியில் அனுமதி கொடுக்க முதலில் யோசித்தார்கள். பிறகு, வகுப்பு ஆசிரியர் கதவைத் திறந்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டார். மாணவர்கள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்ல ஆளில்லாததால் நின்றுகொண்டே இருந்தார்கள். வாசலில் அம்சவள்ளி நிற்பதைப் பார்த்ததும் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அபிநயாவின் முகச்சாயல் அப்படியே அவளுக்கு.

ஜெயசுதா முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தாள். ஏன் அபிநயாவுக்குப் போட்டீங்க. எல்லாருக்கும் அதே கேள்வி. ஒருவன், எல்லாரும் போட்டாங்க என்றான். ஒருத்தி, இளவரசன் சொன்னான் என்றாள். ஒருவன், என் பேர் வந்துடக் கூடாதுன்னுதான் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அழுதான். தர்மன் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான்.

மூன்றாவது பெஞ்சில் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

“நான் நெசமாத்தான் போட்டேன் மேடம்,” என்றாள். “ஆடு செத்தது எனக்கும் தெரியும். எங்கள்ல யாராலயும் அதைச் சரி பண்ண முடியாது. அவ வந்தா விட மாட்டா, தோண்டிப் பாத்துடுவான்னு தோணுச்சு. அதான் போட்டேன்.”

அம்சவள்ளி வாசலிலிருந்து உள்ளே வந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அந்தப் பெண்ணின் எதிரில் நின்றாள். அவள் கன்னத்தைத் தொடப் போனவள், தொடவில்லை.

“அந்த ஆடு செத்த சேதிய,” என்றாள், “நீயாச்சும் அவகிட்டச் சொல்லியிருக்கலாமே கண்ணு.”

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அம்சவள்ளி காத்திருந்தாள். பிறகு ஜெயசுதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அடுத்த புள்ளையக் கேளுங்கம்மா,” என்றாள்.